துடைத்துவிட்ட சுவர்

சுவிஸின் ஷ்லீரன் நகரில் ஜெயமலர் துடைக்காத கந்தோர் குறைவு. இருபத்திரண்டு வருட அலுவலகத் துப்புரவு வேலையில், அவர் கைபட்ட கண்ணாடியில் ஒரு விரலடையாளம் நின்றதில்லை. அந்தப் பெருமையை நாலு பேரிடம் சொல்லவும் அவர் கூச்சப்பட்டதில்லை. அப்படிப்பட்டவரின் வீட்டிலேயே, மகள் கோபிஷாவின் அறையில், அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தால் மானம் போகாதா?

கோபிஷாவுக்குப் பதினாறு வயது. மூன்று குளிர்காலமாக இருமலும் மூச்சிழுக்கும் முட்டும். ஒருநாளைக்கு ஒருமுறை வாய்க்குள் அடித்த பம்ப் மருந்து இப்போது நாலுமுறை ஆகிவிட்டது. பூஞ்சணம் போகாமல் முட்டுக் குறையாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாடகை வீட்டு நிர்வாகத்துக்கு இரண்டு தரம் எழுதினார்கள். இரண்டு தரமும் ஆள் வந்தார். வந்தவர் கண்டது வெள்ளைச் சுவர். வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் ஜெயமலரின் கை சும்மா இருக்காதே! முதல்நாளே கறை வெளுக்கும் ஜவெல் தண்ணீர் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடுவார். ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விடுவார். மூன்று கிழமையில் கறுப்பு திரும்பிவிடும்.

மூன்றாம் தரம் ஆள் வருவதற்கு முதல்நாள் பின்னேரம், ஜெயமலர் வாளியோடு அறைக்குள் போனார். கட்டிலில் இருந்த கோபிஷா மறித்தாள்.

“தொடாதேங்கோ அம்மா.”

“ஆக்கள் வரேக்க இப்பிடியே விடுறதோ? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

“அந்தாளைக் கூப்பிட்டது உங்கட துப்புரவைப் பாக்கவோ, என்ர நெஞ்சு வருத்தத்தைப் பாக்கவோ?”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. ஜெயமலர் சுவரைத் துடைக்காமலே வாளியைக் கொண்டுபோய்க் கவிழ்த்தார்.

மறுநாள் வந்தவர் அலுமாரியை இழுத்தார். ஜெயமலர் கூசிப்போய் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த மனிதர் சுவரில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார், படம் எடுத்தார். வெளிச்சுவரால் ஈரம் இறங்குகிறது, உடைத்துத்தான் திருத்த வேண்டும், அதுவரை பிள்ளை இங்கே படுக்கக்கூடாது என்றார். எவ்வளவு காலமாக இப்படி என்றும் கேட்டார்.

மகள் வாய் திறக்குமுன் ஜெயமலரே, வேலையிடத்தில் பழகிய ஜெர்மனில் சொன்னார். மூன்று வருடம். நீங்கள் வரும்போதெல்லாம் நான்தான் துடைத்துவிட்டேன்.

அவர் போனபின் ஜெயமலருக்கு அழுகை வந்தது. “வீட்டை வடிவாய் வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சு, உன்னை இரும விட்டிட்டன் பிள்ளை.”

கோபிஷா மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினாள். “மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ அம்மா. ஹோலுக்குக் கொண்டுபோவம்.”