அக்கா கேட்ட ஒரே ஒரு வசதி

கூட வேலை பார்த்த அக்காவின் கீபோர்டில் அரைப்புள்ளிப் பொத்தான் மட்டும் எழுத்தழிந்து வழுவழுவென்றிருக்கும். தென்காசியில் ஒரு சின்ன அலுவலகத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆஸ்பத்திரிகளுக்காக நோயாளிகளின் விவரங்களைப் பராமரிப்பது தொழில். அந்த விவரங்கள் கிடக்கும் டேட்டாபேஸோடு பேச, மவுஸே இல்லாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் ஒரு மென்பொருளை நான் எழுதியிருந்தேன். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டியவள் அக்காதான். கட்டளையின் முடிவில் அரைப்புள்ளி வைத்து என்டர் தட்டினால் போதும், மறுபேச்சில்லாமல் காரியம் முடிந்துவிடும்.

அந்த மறுபேச்சின்மையில் எனக்குக் கொள்ளைப் பெருமை. மற்றபடி அக்கா கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தேன். நீளமான விவரங்கள் திரையில் உடைந்து கண்ணை வலிக்கிறது என்றாள். ஒன்றன்கீழ் ஒன்றாக வரவைத்தேன். பாதிப் பெயரைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பவும் வைத்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை.

“ஏட்டி, மாத்துன்னதும் மாத்திருதே. இத்தன பேருக்கு மாறும், செய்யவான்னு ஒரு வார்த்த கேட்டா என்ன?”

“அதெல்லாம் வேல தெரியாதவங்களுக்குக்கா.”

“அப்ப எனக்குத்தாம்னு வச்சுக்கோ” என்று சிரித்தாள். அதற்கப்புறமும் இரண்டு தடவை கேட்டாள்.

தென்காசி தனி மாவட்டமானபோது, இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களின் முகவரியில் மட்டும் திருநெல்வேலியைத் தென்காசி என்று மாற்ற வேண்டியிருந்தது. எந்தெந்த ஊர் என்பதை இரண்டாவது வரியில் எழுத வேண்டும். அக்கா பழக்கதோஷத்தில் முதல் வரியின் முடிவிலேயே அரைப்புள்ளி வைத்து என்டரைத் தட்டிவிட்டாள். பாளையங்கோட்டைக்காரர், நாகர்கோவில்காரர் எல்லாரும் ஒரு நொடியில் தென்காசி மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள். எடுத்து வைத்திருந்த நகலும் பழையது, முழுதாக மீட்க வழியில்லை. முதலாளி எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

மறுவாரம் அந்த வசதியைச் சேர்த்தேன். நல்ல யோசனை என்று முதலாளி என்னைத்தான் பாராட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு சீசனில், குற்றாலத்துச் சாரலில், ஈரத்தலையோடு எதிரே வந்தாள். “இப்ப கேக்குதாட்டி?” என்றாள். “கேக்குதுக்கா” என்றேன். “நல்லதுட்டி” என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். தப்பு என்னுடையதுதான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தைச் சாக்காக வைத்து நகர்ந்துவிட்டேன்.

போன வருஷம் அக்கா இறந்துபோனாள். துக்கம் கேட்கப் போயிருந்தபோது அவள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா அங்கன அப்பிடி என்ன தப்பு பண்ணுனாங்க, சித்தி? சாவுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முன்கூட்டியே கேட்டதை, மூன்று தடவை கேட்டதை, நான் செய்யாமல் விட்டதை.

பெண் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத அவங்க இருக்கும்போது வந்து சொல்லிருக்கலாம்லா, சித்தி” என்றாள்.