ஒன்பதாவது நிபந்தனை

எங்கள் அப்பா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தவர். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருப்பதைக்கூட இறங்குவதற்குள் படித்து முடித்துவிடுவார். டிவி விஷயத்தில் மட்டும் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஏழு மாதம் கழித்துப் படித்தார். அதன் பலனை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அனுபவித்தோம். எல்லோரும் என்றால் எத்தனை பேர் என்பதில்தான் வம்பே வந்தது.

அறுபதுகளின் நடுவில், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். எனக்கு ஏழு வயது. எங்கள் சந்தில் முதல் டிவி எங்களுடையது. அதை வாங்கப் போனபோது அப்பா, அம்மா, அத்தை, நான் என்று நான்கு பேரும் போனோம். கடைக்காரர் அந்தப் பெட்டி எவ்வளவு நல்லது என்று ஐந்து நிமிடம் பேசினார். அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று அரைமணி நேரம் பேசினார். சாதாரணமாக ஆறு மாதம்தான் கேரண்டியாம். கூடக் கொஞ்சம் பணம் கட்டினால் மூன்று வருஷமாம். எது போனாலும் ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பானாம், ஒரு காசு கொடுக்க வேண்டாமாம்.

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "நல்ல பெட்டின்னா அதுக்கு எதுக்குங்க கேரண்டி? கெட்டுப்போற பெட்டின்னா அதை எதுக்கு வாங்கணும்?"

கடைக்காரரிடம் இதற்குப் பதில் இல்லை. அப்பாவிடமும் இல்லை. பதில் இல்லாதவர்கள் இருவரும் சேர்ந்து சட்டென்று காரியத்தை முடித்துவிட்டார்கள். அம்மா தையல் மெஷினுக்கு முன்பணம் கட்ட வைத்திருந்ததை எடுத்துத்தான் அந்த மூன்று வருஷத்தை வாங்கினார் அப்பா. அன்றிலிருந்து அம்மா கையால் ரவிக்கை தைக்கும்போதெல்லாம் ஒரு குத்து குத்திவிட்டு டிவியை ஒரு பார்வை பார்ப்பாள்.

வாரத்தில் ஒரு நாள் தமிழ்ப் படம் போடுவார்கள். அன்று எங்கள் முன்னறையில் மூச்சுவிட இடம் இருக்காது. பால்காரச் சித்தப்பா சித்தியோடு வருவார். அவரோடு மாட்டு வாசமும் வரும் என்பதால் ஜன்னலோரம்தான் அவருக்கு இடம். சந்துக்குப் பின்னால் குடியிருந்த மலாய்க்கார மக்சிக் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாழையிலையில் மடித்த குவே பலகாரத்தோடு வருவார். முனையில் காப்பிக்கடை வைத்திருந்த சீன மாமா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓடி வருவார். தமிழ் வசனம் ஒன்றும் புரியாமலே எங்களுக்கு முன்னால் அழ ஆரம்பித்துவிடுவது அவர்தான். இவர்களுடைய பிள்ளைகள், அவர்களுடைய சிநேகிதர்கள் எல்லாம் படிக்கட்டு வரை இருப்பார்கள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தாள். சமையலறையும் எங்கள் காதுகளும் அவள் பொறுப்பு. சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் திருகிவிடுவாள். அவள் ஒரு மாதக் குழந்தையாக இருந்தபோது, தாத்தா ஒரு சீனக் குடும்பத்திடமிருந்து வாங்கிவந்து மகளாக வளர்த்தார். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் பல தமிழ் வீடுகளில் அப்படி ஒரு பெண் உண்டு. ஆனால் இது எனக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தை வெள்ளையாக இருப்பாள், கண் சின்னதாக இருக்கும், மூக்குத்தி போட்டிருப்பாள், அவ்வளவுதான் எனக்கு.

ஏழாவது மாதம் டிவிக்குக் கிறுக்குப் பிடித்தது. படம் நிற்காமல் மேலே மேலே உருண்டது. செய்தி வாசிப்பவரின் கழுத்துப்பட்டை மேலேயும் தலை கீழேயும் இருந்தன. நாங்கள் எல்லோரும் துக்கம் விழுந்ததுபோல் உட்கார்ந்திருக்க, அப்பா மட்டும் சந்தோஷத்தில் துள்ளினார். சாதாரண கேரண்டி முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது! "பாத்தியா? அன்னிக்கு என்ன கேட்ட? எதுக்கு கேரண்டின்னு கேட்டியே?" என்று அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அப்பா கேரண்டித் தாளை எடுத்து முதல்முறையாக முழுதும் படித்தார். ஆங்கிலத்தில் பொடிப்பொடியாகப் பதின்மூன்று நிபந்தனைகள். ஒன்பதாவதுக்கு வந்ததும் அவர் முகம் வெளுத்தது. பெட்டி வாங்கியவரின் குடும்ப உபயோகத்துக்கு மட்டுமே. பலரைக் கூட்டி வைத்துக் காட்டினால் கேரண்டி செல்லாது.

அப்பா முன்னறையைத் திரும்பிப் பார்த்தார். பால்காரச் சித்தப்பா பல் குத்திக்கொண்டிருந்தார்.

கடைக்குப் போய்ச் சொன்னதற்கு, மெக்கானிக் வருவான், ஆனால் நிகழ்ச்சி ஓடும்போதுதான் கோளாறு தெரியும், அதனால் சாயங்காலம்தான் வருவான் என்றார்கள். அவன் வரும் நாளாக அவர்கள் சொன்னது தமிழ்ப் படம் போடும் நாள். அப்பா வீடு வீடாகப் போய், இன்று ஒருநாள் மட்டும் யாரும் வராதீர்கள், வந்தால் என் மூன்று வருஷமும் போச்சு என்று கெஞ்சினார். எல்லோரும் தலையாட்டினார்கள். டிவியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டப்போகிறார்கள் என்ற செய்தி அதற்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்துவிட்டார்கள். காப்பிக்கடை மாமா ஒரு வாளி நிறையக் காப்பியோடு வந்தார். "மெக்கானிக்குக் காப்பி யார் குடுப்பா லா?" என்று அப்பாவையே அதட்டினார்.

மெக்கானிக் சின்ன வயசுக்காரன். நம்மாள்தான். சட்டைப் பையில் மூன்று பேனா, கையில் தகரப்பெட்டி. படிக்கட்டில் பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி மேலே வந்து வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அண்ணே, இது வீடா கொட்டகையா?"

"வீடுதான் தம்பி. எல்லாம் நம்ம சொந்தக்காரங்க" என்றார் அப்பா.

"ரூல் இருக்கு லா அண்ணே. நான் பாட்டுக்குச் செஞ்சு குடுத்துட்டுப் போனா முதலாளி என்னையத் தூக்கிருவாரு." அப்பா வேட்டியின் நுனியைப் பிசைந்தார். அந்தச் சமயத்தில் அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தையல் மெஷினுக்கான ஏழு மாதக் கடன் தீர்ந்திருக்கும். அவள் சொல்லவில்லை. பாவமாகத்தான் அப்பாவைப் பார்த்தாள்.

மெக்கானிக் என் பக்கம் குனிந்தான். "பாப்பா, நீ சொல்லு. இவங்கள்லாம் யாரு? பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திரும்."

எனக்கு இதில் என்ன கஷ்டம்? கடகடவென்று சொன்னேன். "இது பால்காரச் சித்தப்பா. இது சித்தி. இது மக்சிக். மக்சிக்னா மலாய்ல அத்தை மாதிரி. அவங்க மடியில இருக்கிறது தம்பி. இது காப்பிக்கடை மாமா. அங்க காப்பி ஊத்துறது எங்க அத்தை."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அத்தையை மெக்கானிக் பார்த்தான். பக்கத்தில் வாளியோடு நின்ற காப்பிக்கடை மாமாவைப் பார்த்தான். எழுத எடுத்த பேனாவை மூடினான்.

"மத்ததெல்லாம்கூட ஒத்துக்கலாம் லா. இந்தச் சீனம்மா உங்க அத்தையா? காப்பிக்கடைக்காரர் சம்சாரம்னு சொல்லு, நம்புறேன்."

அத்தை காப்பித் தட்டை டிவியின் தலையில் வைத்தாள். எங்கள் வீட்டில் டிவியின் தலையில் பூச்சாடிகூட வைக்கக் கூடாது.

"யாருடா சீனம்மா? இவன் எனக்குக் கூடப்பிறந்தவன்டா! இவனைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு காய்ச்சுப் போச்சு. இவனுக்குக் காது குத்துனப்ப அவன் அழுததைவிட நான் அழுதது ஜாஸ்தி. எங்க அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்ட கைடா இது! பெரியவங்களைப் பாத்து இப்படித்தான் கேக்கச் சொல்லிக் குடுத்தாங்களா உங்க வீட்டுல? நீ பெட்டியை ரிப்பேர் பண்ண வந்தியா, எங்க வம்சத்தை ரிப்பேர் பண்ண வந்தியா?"

இதைவிட அதிகமாகவும் சொன்னாள். பால்காரச் சித்தப்பாவே காதைப் பொத்திக்கொண்டார். இப்படிப்பட்ட தமிழில் ஒரு தமிழ் வீட்டின் அக்காவைத் தவிர யாராலும் திட்டியிருக்க முடியாது என்பது மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. "தப்பாப் பேசிட்டேங்கக்கா, மன்னிச்சுக்குங்க" என்று நிமிர்ந்து கைகூப்பினான். அதோடு விட்டிருக்கலாம். மரியாதை முற்றிப்போய்க் காப்பிக்கடை மாமாவையும் கும்பிட்டு, "அப்ப இவரும் உங்க தம்பிங்களாக்கா?" என்றான்.

அத்தை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "காப்பி ஆறுது, குடி" என்றாள். மாமா மட்டும் "தம்பிதான் லா" என்று இரண்டு முறை சொன்னார். சீனக்காரர் ஒருவர் குடும்பத்துக்குள் வந்துவிட்ட பிறகு மக்சிக்கைப் பற்றிக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

ஆனாலும் முதலாளிக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும் என்றான். ரிப்பேர்ச் சீட்டின் பின்னால் யார், என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னான். அப்பா கார்பன் தாள் வைத்து, தன் முத்து முத்தான கிராணிக் கையெழுத்தில் எழுதினார். முதல் பெயர் அத்தையுடையது. எதிரில் 'அக்கா' என்று எழுதினார். அதற்குக் கீழே சித்தப்பா, சித்தி, மாமா என்று தாளின் கடைசி வரை போனது. மெக்கானிக் இரண்டு பிரதியிலும் கடை முத்திரையைக் குத்தி ஒன்றை அப்பாவிடம் கொடுத்தான். பிறகு பத்தே நிமிடத்தில் ஒரு வால்வை மாற்றினான். கதாநாயகனின் தலை அதற்குரிய இடத்துக்கு வந்து நின்றது. மொத்தக் குடும்பமும் கைதட்டியது.

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், என்னைத் தூக்கிக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். காப்பிக்கடை மாமா ஆரஞ்சு சோடா வாங்கிக் கொடுத்தார். "கொஞ்சங்கூட முழிக்காம என்னமாப் பொய் சொன்னா பாத்தீங்களா!" என்று அப்பா எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார்.

எனக்குச் சோடா இறங்கவில்லை. நான் பொய்யா சொன்னேன்? எது பொய்? அன்று கண்களைக் கையால் மூடிக்கொண்டே தூங்கினேன். சாமி வந்தால் கையைக் குத்தட்டும் என்று.

காலையில் அத்தை எனக்குத் தலை பின்னும்போது யோசித்துப் பார்த்தேன். சித்தப்பா சித்தப்பாதான், தைப்பூசத்துக்கு என்னைத் தோளில் தூக்கிப்போகிறவர். மக்சிக் பெருநாளுக்கு எனக்கும் சேர்த்துத்தான் சட்டை தைக்கிறார். காப்பிக்கடை மாமாவை அந்த மெக்கானிக்கே அத்தையின் தம்பி என்று ஒத்துக்கொண்டுவிட்டான். அவன் நம்பாதது ஒரே ஒருத்தரைத்தான்.

"அத்தை, நீங்க எங்க சொந்தம் இல்லையா?"

சீப்பு நின்றது. "யாரு சொன்னா?"

நான் பெரிய மனுஷிபோல விளக்கினேன். நேற்று நான் ஒரு பொய் சொன்னேனாம், எண்ணிப் பார்த்தால் அது நீங்கள்தான் என்றேன். சொன்ன பிறகு எனக்கே பாவமாகப் போய்விட்டது. "பரவால்ல அத்தை. அப்பாதான் பேப்பர்ல அக்கான்னு எழுதி, அந்த ஆள் சாப்பா குத்திட்டாரே. கேரண்டி இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கு. அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

அத்தை சிரித்தாள். சீப்பு கீழே விழ, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று சாயங்காலம் அவள் அந்தப் பிரதியை அப்பாவிடம் கேட்டு வாங்கித் தன் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டாள். தன் கோப்பிலிருந்து ஒரு குண்டூசியைக்கூடத் தராத அப்பா மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு டிவி கெடவே இல்லை. மூன்று வருஷம் முடியப் போகிறதே என்று அப்பா தினமும் அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை. "ஒரு வால்வுக்கு ஒரு தையல் மெஷின்" என்று அம்மா கணக்கை முடித்தாள்.

அதற்கடுத்த வருஷம் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று புது அடுக்குமாடி வீட்டுக்கு மனுப்போட நேர்ந்தது. அப்பா, அம்மா, அத்தை, நான் நான்கு பேரும் போய் வரிசையில் நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்கள் தாள்களைப் புரட்டிவிட்டு, இந்த அம்மா உங்கள் அக்கா என்பதற்கு என்ன அத்தாட்சி என்று தன்மையாகத்தான் கேட்டார். அப்பா சத்தியக் கடுதாசி எழுதிக் கொடுத்து அத்தையின் பெயரைச் சேர்த்ததெல்லாம் பிறகு நடந்தது. அந்த நிமிடம் அவர் வாயைத் திறப்பதற்குள், அத்தை தன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து, மேசைமேல் வைத்து நீவிவிட்டாள். டிவி ரிப்பேர்ச் சீட்டு.

அதிகாரி முதல் வரியைப் படித்தார். பிறகு பால்காரச் சித்தப்பா, மக்சிக், காப்பிக்கடை மாமா எல்லோரையும் படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அடுத்த மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்காமல், முதல் வரியின் மேல் விரலை வைத்தபடி நின்றிருந்தாள். அவளை அக்கா என்று சொல்லும் தாள் அதைத் தவிர அவளிடம் வேறு கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.