இன்னும் ஆறாத நட்சத்திரம்

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் அமாவாசை அன்று, காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. அப்போது ஏனாத்தூர் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறி ஏறி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது வருடம். இன்னும் முடியலையா என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர்கூட பாக்கியில்லை.

என் ஆராய்ச்சி ஒரு நியூட்ரான் நட்சத்திரம் பற்றியது. பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்து, சில மாதங்கள் எக்ஸ்-கதிரில் தகதகவென்று எரிந்துவிட்டு அடங்கிப்போகும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாகவே இருக்குமே, அதுபோல அதன் மேலோடு வருடக்கணக்கில் ஆறும். செயற்கைக்கோள் அவ்வப்போது பார்த்து அனுப்புவதை வைத்து அந்தச் சூட்டைக் கணக்கிடுவதுதான் என் வேலை. கடைசி இரண்டு முறையும் ஒரே அளவு வந்தது. அப்பாடா, ஆறி முடிந்தது என்று எழுதிவிட்டேன். மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்தால் ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது.

என் கணவர் பட்டுத்தறிக்கு டிசைன் அட்டையில் துளை அடிப்பவர். நெய்யும் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. ஒரே அட்டை இரண்டு தரம் வந்தால் புடவையில் பூ கோணிவிடும். அமாவாசைக்குத் தறி லீவு என்பதால் வீட்டில் இருந்தார். ஆய்வேட்டில் இருந்த சூட்டு அளவுகளின் அட்டவணையை அவரை வாசிக்கச் சொல்லி நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் நிறுத்தினார்.

"முன்னாடி அட்டையே திரும்ப வந்த மாதிரி இருக்குதேமா. புள்ளிக்கு அப்பால கூட ஒண்ணுமே மாறல."

"உங்களுக்கு என்னா தெரியும், படிங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் தாளைக் கீழே வைத்தார்.

ஆனாலும் உறுத்தியது; தனித்தனியாக எடுத்த இரண்டு அளவுகள் புள்ளிக்கு அப்பாலும் அப்படியே ஒத்துப்போகாது. கணினியைத் திறந்து பார்த்தால், ஒரே கோப்பை இரண்டு பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன். கடைசியாக வந்ததை நான் பதிவிறக்கவே இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது, கொடுத்துவிடலாம் என்றும் தோன்றியது, மறைப்பானேன். அவர் காபி போடப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் என் வழிகாட்டிக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். திரும்பக் கணக்குப் போடுங்கள் என்றார்.

சரியான கோப்பில் நட்சத்திரம் இன்னும் மங்கிக்கொண்டுதான் இருந்தது. வேலை கைநழுவிப் போயிற்று. பட்டம் மேலும் ஒரு வருடம் இழுத்தது.

அது ஆறவில்லை. ஆறித் தொலையாதா என்று அலுத்துக் கிடந்தவள் நான்தான். இன்றும் ஒரு வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டால் எனக்கு நிம்மதி வருவதில்லை. தாளை அவர் கையில் கொடுத்து, கொஞ்சம் வாசிங்க என்கிறேன்.