அத்தைக்கு ஒரு சவுண்டு கார்டு

என் கல்யாணச் சீர் வந்து இறங்கிய அன்று டெம்போவிலிருந்து பீரோ இறங்கியபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கட்டிலைப் பார்த்துச் சில பேர் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். கடைசியாக அட்டைப்பெட்டிகள் இறங்கியபோதுதான் கூட்டம் நெருங்கி வந்தது. பிரித்து மானிட்டரை வெளியே எடுத்ததும், "டிவிதானப்பா" என்று ஏமாற்றத்தோடு கலைந்து போனது.

டிவி இல்லை, கம்ப்யூட்டர். தொண்ணூறுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்பு, நான் அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் மதுரையில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவன். தங்கை கல்யாணத்துக்கு அவனே பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி அது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், மிளகாயும் பருத்தியும் தவிர வேறொன்றும் அதிகம் முளைக்காத கரிசல் ஊருக்கு அதைக் கொண்டுபோய் இறக்கினோம்.

மாமனார் அதைச் சுற்றி வந்தார்.

"இதுல வத்தல் வெலை வருமாத்தா?"

"வராது மாமா."

"மழை எப்ப வரும்னு சொல்லுமா?"

"சொல்லாது மாமா."

"பெறகு என்னதான் சொல்லும்?"

"நாம உள்ள போட்டதத் திருப்பிச் சொல்லும் மாமா."

"அத நானே சொல்லிருவேனே" என்று களத்தைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

வீட்டில் ப்ளக் பாயிண்ட் ஒழுங்காக இருந்த ஒரே அறை மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் அறை. அங்கேதான் மேசை போட்டோம். அது எவ்வளவு தப்பு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் ஃபேன் முன்பக்கமாகக் காற்றை இழுத்துப் பின்பக்கமாகத் தள்ளும். இழுத்தது எல்லாம் வத்தல் நெடி. ஸ்விட்சைப் போட்டால் கம்ப்யூட்டர் ஒரு பக்கம் முனகும், நான் ஒரு பக்கம் தும்முவேன். அடுப்படியிலிருந்து அத்தை, "பொட்டியப் போட்டுட்டியாத்தா?" என்று கேட்பார். தும்மலை வைத்துத்தான் கணக்கு.

அத்தை, அதாவது என் மாமியார், ஊர்க் கிறிஸ்தவச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி. சினிமா பார்க்கமாட்டார். டிவியில் வயலும் வாழ்வும் தவிர மற்றதெல்லாம் பாவம். ஜெபத்தில் யாராவது கண்ணைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு அவரும் கண்ணைத் திறந்திருக்க வேண்டும் என்பதை யாரும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டை மில்லில் கிளார்க். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருவார். மத்தியானம் வேலை முடிந்ததும் நான் வத்தல் ரூமுக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைத்துக்கொள்வேன். ஊருக்கு நான் "கம்ப்யூட்டர் படிக்கிறேன்." உண்மையில் அண்ணன் ஏற்றிக் கொடுத்திருந்த ஒரு விளையாட்டில் நான் துப்பாக்கியோடு நரகத்துக்குள் திரிந்துகொண்டிருந்தேன். கொம்பு வைத்தது, தீ கக்குவது, மண்டை மட்டும் பறப்பது என்று ரகம் ரகமாகப் பிசாசுகள் வரும். சுட வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஒருநாள் குழம்புக்கு வத்தல் அள்ள வந்த அத்தை என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்னத்தா இது, இப்பிடி மூஞ்சியும் மொகறையும்?"

மானிட்டரை அணைக்க நேரமில்லை. பொய் சொல்லவும் நேரமில்லை.

"பிசாசு அத்தை."

"நெசப் பிசாசா?"

"பொம்மைதான். இது நரகம். நாம உள்ள போயி இதுகள எல்லாம் சுடணும்."

சாயங்கால பஸ்ஸில் பெட்டியோடு என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அத்தை ஒரு கை வத்தலைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுட்டாச் சாகுமா?"

"சாகும்."

"அப்பச் சுடு. பிசாசப் பாத்துக்கிட்டு என்னத்துக்குச் சும்மா ஒக்காந்திருக்க?"

அன்றைக்குக் குழம்பு வைக்க நேரமாகிவிட்டது.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அத்தையே வந்து முக்காலியைப் போட்டுக்கொள்வார். முதலில் உத்தரவு மட்டும்தான். "ஏத்தா, சோத்தாங்கைப் பக்கம் பாரு, கொம்பன் வாரான். திரும்பு, திரும்பு!" பிறகு வாயால் சொல்லி அலுத்துப்போய், சுடுகிற பட்டன் எது என்று கேட்டுக்கொண்டு அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்துவிட்டார். நடப்பது நான், சுடுவது அத்தை என்று ஆனது. குண்டு மிச்சம் பிடிக்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது. செத்த பிசாசையும் சுடுவார். "எந்திரிச்சிட்டான்னா?" என்பார். பிசாசுகளுக்கு அடையாளமும் வைத்திருந்தார். வாய் அகலமாக இருந்தது, சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பெஞ்சாதியின் சாயல். முதுகு வளைந்து பாய்வது, சங்கத்துத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற அம்மா. அது வரும்போது விரலில் அழுத்தம் கூடும்.

பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு வயரிங்கில் எர்த் என்ற ஒன்றே கிடையாது. ஈரக்கையோடு தொட்ட அத்தை, "யேசப்பா! கடிக்குதுடா!" என்று ஒருநாள் அலற, என் வீட்டுக்காரர் முற்றத்து மூலையில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, ஒரு இரும்புக் குழாயைப் புதைத்து வயர் இழுத்தார். அது வேலை செய்ய வேண்டுமானால் அந்த மண் ஈரமாக இருக்க வேண்டும். குடிதண்ணீர் லாரிக்குச் சண்டை போடும் ஊரில் ஒரு இரும்புக் குழாய்க்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். "என்னமும் செடி வச்சிருக்கீகளா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "ஆமா" என்று சொல்லிவிட்டார் அத்தை.

எல்லாம் சரிதான். ஆனால் அத்தைக்கு ஒரு குறை.

"இதுக வாயத் தெறக்குதுக, சத்தத்தக் காணமே. ஊமப் பிசாசா?"

"சவுண்டு கார்டு இல்ல அத்தை. அண்ணன் அப்பறம் போட்டுக்கலாம்னு விட்டுட்டான்."

"அப்பறம்னா எப்ப?"

அந்த வாரமே ஆம்பிளைகளிடம், "மருமகளோட அண்ணன ஒரு எட்டு பாத்துட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார். காரியாபட்டி தாண்டும் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஜெபம் என்று நினைத்தேன். "அந்தப் பறக்குற மண்டைய மொதல்ல முடிச்சிரணும்" என்றார்.

கடையில் அத்தையைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். சம்பந்தி வீட்டு அம்மா, வெள்ளைச்சேலை, கையில் பைபிள் பை. ஏதோ பெரிய பிரச்சினை என்று அவன் முகம் வெளுத்துப்போனது.

"தம்பி, இவ பொட்டியில பிசாசு கட்டங்கட்டமாத் தெரியுது. கிட்டக்க வந்தா அது பிசாசா செவுத்துக் காறையான்னே வெளங்கல. சத்தமும் இல்ல. அதுக்கு என்ன சாமான் போடணும்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"கிராபிக்ஸ் கார்டு போடணும் அத்தை" என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பழசு ஒண்ணு இருக்கு, நல்லா ஓடும். போட்டா எல்லாம் வழவழன்னு தெரியும்."

"பிசாசு வழவழன்னு இருக்கணும்னு இல்ல. தெளிவாத் தெரிஞ்சாப் போதும்."

இரண்டு கார்டையும் வெள்ளி நிறக் கவரில் போட்டுக் கொடுத்தான். வரும்போது கூட்டமான பஸ். அத்தை அவற்றை மடியில் வைத்துக் கைக்குழந்தை போல அணைத்தபடி வந்தார்.

மறுநாள் மத்தியானம் பெட்டியைத் திறந்தோம். மூடியைக் கழற்றியதும் உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. போர்டு, வயர், ஃபேன் என்று எல்லாவற்றின் மேலும் வத்தல் தூசி. நான் வாயால் ஊதிவிட்டேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அடுத்த கணமே தெரிந்தது. கண்ணீரும் மூக்குமாக இரண்டு பேரும் முற்றத்துக்கு ஓடினோம். தண்ணீர் எடுத்து முகம் கழுவிவிட்டு வந்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் துடைத்தோம். "ஒரு கொழம்புக்கு ஆகும்போல" என்றார் அத்தை.

சவுண்டு கார்டு தன் ஸ்லாட்டில் ஒழுங்காக உட்கார்ந்தது. கிராபிக்ஸ் கார்டு பாதி இறங்கி நின்றுவிட்டது. நான் பயந்து பயந்து அமுக்கினேன். போர்டு வளைந்தது.

"தள்ளு, நான் பாக்குறேன்."

"ஒடஞ்சிரும் அத்தை."

"ஒடஞ்சா ஒங்க அண்ணன் இருக்கான்."

கட்டைவிரல் இரண்டையும் வைத்து ஒரே அமுக்கு. 'டக்' என்று ஒரு சத்தம். எனக்கு உயிர் போய்விட்டது. கார்டு உட்கார்ந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டேன். திரை இருட்டாகவே இருந்தது. பெட்டி மட்டும் நீட்டி நீட்டிக் கத்தியது.

அத்தையின் முகம் மலர்ந்தது. "பிசாசு சத்தம் வந்துருச்சா?"

"இல்ல அத்தை. இது கம்ப்யூட்டர் அழுவுற சத்தம்."

துடைக்கும்போது ராம் என்ற மெமரிப் பட்டை இளகியிருந்தது. கழற்றி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த ரப்பரால் அதன் பொன்னிறக் காலைத் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். திரை வந்தது. அப்புறம் சவுண்டு கார்டு அடம்பிடித்தது: அது வேலை செய்தால் மவுஸ் செத்துவிடும், மவுஸ் வேலை செய்தால் அது ஊமை. கார்டில் இருக்கும் ஜம்பர் என்ற ஒரு துளி பிளாஸ்டிக் மூடியை ஒரு முள்ளிலிருந்து பக்கத்து முள்ளுக்கு மாற்ற வேண்டும். கொண்டை ஊசியால் நெம்பினேன். அது தெறித்து வத்தல் மூட்டைப் பக்கம் போய் விழுந்தது. மிளகாய் விதைக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டைத் தேடி இரண்டு பொம்பிளைகள் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது மாமனார் எட்டிப் பார்த்தார். "என்ன தேடுறீக?" "பிசாசோட தொண்டைய" என்றார் அத்தை. அவர் களத்துக்கே திரும்பிப் போனார்.

கிடைத்தது. மாட்டினேன். என் வீட்டுக்காரரின் டேப் ரெக்கார்டருக்கு இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியை அதோடு இணைத்தோம். ஆட்டத்தைப் போட்டதும் முதல் பிசாசு உறுமிய உறுமலில் ஓட்டுக்கு மேலிருந்த புறாக்கள் பறந்தன. அத்தை முக்காலியோடு பின்னால் சாய்ந்து, சுவரைப் பிடித்து நிமிர்ந்து, நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்.

"இப்பத்தான்த்தா பிசாசு."

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து காலத்தில்தான் மாட்டிக்கொண்டோம். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்போம். ஐயர் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடத்த மத்தியானமே வந்துவிட்டார். கூடவே சங்கத்துப் பெண்கள். நான் அவசரத்தில் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு ஓடி வந்தேன். அந்த ஆட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் தொடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே ஓடிக்காட்டும்.

ஐயர் உருக்கமாக ஜெபித்தார். கண்மாய் வறண்டதைச் சொன்னார். மாடு குடிக்கத் தண்ணீர் இல்லாததைச் சொன்னார். "கோடை மழையைக் கட்டளையிடும் ஆண்டவரே" என்று அவர் குரலை உயர்த்திய இடத்தில் வத்தல் ரூமிலிருந்து ஒரு உறுமல் வந்தது. தொடர்ந்து தடதடவென்று வெடி.

"இடி இடிக்குது!" என்றார் ஒரு அம்மா.

அவ்வளவுதான். களத்தில் அவரவர் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. ஆமென் வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அத்தனை பேரும் வாசலைத் தாண்டி ஓடினார்கள். உபதேசியார் பெஞ்சாதி எல்லோருக்கும் முன்னால் போனார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை.

ஐயர் போகவில்லை. சத்தம் வந்த திசைக்கு நடந்தார், வத்தல் ரூம் கதவைத் திறந்தார், தும்மினார். நான் பின்னாலேயே போய் வேறு வழியில்லாமல் மானிட்டரைப் போட்டேன். கொம்பன் ஒருவன் அவரைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்னம்மா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை வந்துவிட்டார்.

"பிசாசு ஐயரே. நாங்க சுட்டுக்கிட்டிருக்கோம்."

"நீங்களுமா?"

"அவ நடப்பா. நான் சுடுவேன்."

ஐயர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிசாசத் துப்பாக்கியாலயாம்மா ஜெயிக்கிறது? ஜெபம் எதுக்கு இருக்கு?"

"ஜெபம் பண்ணிக்கிட்டேதான் சுடுறோம். ஒங்களுக்கு வேணும்னா ஒருதரம்…"

"வேண்டாம்மா" என்று ஐயர் அவசரமாகப் பின்வாங்கினார். "லெந்து நாளு. ஈஸ்டர் வரைக்குமாச்சும் இத நிறுத்தி வையுங்க. சங்கத் தலைவி நீங்க."

அத்தை தலையைக் குனிந்து, "சரிங்க ஐயரே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே சங்கத்துப் பெண்கள் பாதி அள்ளிய வத்தலைத் திரும்பக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

லெந்து முழுக்க அத்தை தானாக வத்தல் ரூம் பக்கம் வரவில்லை. பிசாசுகளைச் சுடாமல் இருப்பதற்காக நான் அண்ணனிடம் ஒரு கார் பந்தய விளையாட்டை வாங்கி வந்து போட்டேன். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு முறை மரத்தில் மோதியதும், "இதுக்கு நம்ம மினி பஸ்ஸே தேவல" என்று எழுந்துவிட்டார்.

ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து, கோழிக்குழம்பு வைத்து, எல்லோரும் சாப்பிட்டு அசந்து கிடந்த மத்தியானம். வத்தல் ரூமில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அத்தை, கோயிலுக்குக் கட்டின பட்டுக்கரை வெள்ளைச்சேலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, ஐயர்…"

"ஈஸ்டர் வரைக்கும்னுதான சொன்னாரு? அதுக்குப் பெறகு ஒண்ணும் சொல்லலியே. போடு."

போட்டேன். கை மறந்துபோயிருந்தது, முதல் கொம்பனிடமே செத்துப்போனோம். அத்தை என்னைத் திட்டினார், நான் மனசுக்குள் அவரைத் திட்டினேன், திரும்பவும் ஆரம்பித்தோம்.

புதுப் பருத்தி விதைப்பதற்கு முன்னால் ஒருநாள் கடைசிப் பிசாசு செத்தது. திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. வாசிக்கச் சொன்னார். நரகம் ஒழிந்தது, நீ ஜெயித்துவிட்டாய் என்று தமிழில் சொன்னேன். பட்டனிலிருந்து விரலை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டார்.

"இனி யாரும் இல்லையா?"

"இல்ல அத்தை."

முக்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மொதல்ல இருந்து வா. அந்தப் பறக்குற மண்டைய நான் சரியாப் பாக்கவே இல்ல" என்றார்.