எனக்கு முன்னால் அடித்த மணி

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் கதை விட்டிருக்கா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்குக் கதை விடத் தெரியாது. பதிவேடு எழுதத் தெரியும். பதினொரு வருடமாக அதுதான் என் பிழைப்பு. கீழே வரும் நேரங்கள் எல்லாம் அந்தப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவை. ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மலைமேல் ஒரு ஏரி. கடைசிப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நாலு மணி நேரம் நடந்துதான் வர வேண்டும். அப்படியும் ஆட்கள் வருவார்கள். வெயில் காலத்தில் படகு, நீச்சல், கூடாரம் என்று கரை முழுக்கச் சத்தமாக இருக்கும். இலை உதிரும்போது ஏரியைச் சுற்றி நடக்கிற கூட்டம். பிறகு ஏரி உறைந்து கல்லாகிவிடும். அதன்மேல் சறுக்கி விளையாடுகிறவர்களும், துளை போட்டு மீனுக்குக் காத்துக் கிடக்கிறவர்களுமாக இரண்டு மாதம் ஓடும். பனிக்கட்டி உடையும் மாதத்தில் பறவைகள் வரும். பறவைகளுக்குப் பின்னாலேயே கழுத்தில் தொலைநோக்கியோடு மனிதர்கள் வருவார்கள். எந்தக் காலமானாலும் போகிற நேரம், திரும்புகிற நேரம், இரண்டையும் நான் எழுதுவேன். படகு விடுவது, வழி காட்டுவது, காலை முறித்துக்கொண்டவரை முதுகில் சுமந்து வருவது எல்லாம் என் தம்பியின் பாடு.

படகுத்துறையில் ஒரு மணி தொங்குகிறது. மூடுபனி இறங்கிவிட்டால் தண்ணீரில் இருப்பவனுக்கு அதுதான் கண். மூன்று அடி. பிறகு அறுபது எண்ண வேண்டும். மறுபடி மூன்று அடி. படகிலிருந்து ஒரு நீள விசில் வந்தால், 'கேட்கிறது' என்று அர்த்தம். படகின் கயிறு என் கைக்கு வரும்வரை மணியை நிறுத்தக் கூடாது. இது நானும் தம்பியும் எங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துறையில் நின்று பார்த்தால் இடது கோடியில் செங்குத்தாக ஒரு பாறை. என் மணியோசை அதில் மோதி நாலு நொடி கழித்து மெலிதாகத் திரும்பி வரும். அந்தப் பாறையின் அடியில்தான் ஏரி வழிந்து பள்ளத்தில் விழுகிறது. நாலு மாடி உயரம். கீழே முழுக்கக் கூரான கற்கள். அந்தப் பக்கம் நாங்கள் படகு விடுவதே இல்லை.

போன வருடம், இலையெல்லாம் கொட்டி மரங்கள் மொட்டையாக நின்ற சமயம். எதிர்க்கரையில் பறவைக்காரர் மூன்று நாளாகக் கூடாரம் போட்டிருந்தார். ஓய்வு பெற்ற மனிதர். ஒவ்வொரு காலத்துக்கும் ஒருமுறை தவறாமல் வருவார். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவரை அழைத்துவரத் தம்பி கிளம்பினான். மணி 2.50.

"டீ போட்டு வைக்கா. மூணு நாளா வாத்துங்ககிட்டயே பேசிட்டிருக்காரு மனுஷன். ஆளைப் பார்த்தா விடமாட்டாரு."

"மிதவைச் சட்டையைப் போடுடா."

"போட்டா குண்டாத் தெரியறேன்."

"பொண்ணு பார்க்கவா போறே? போடுறா."

போட்டுக்கொண்டான். துடுப்பு வலித்துக்கொண்டு போனான். சீசன் முடிந்து இயந்திரப் படகைக் கரையேற்றிவிட்டோம். இருந்தது துடுப்புப் படகு ஒன்றுதான். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம்.

4.05க்கு மூடுபனி இறங்கியது.

அது மெல்ல வரவில்லை. யாரோ போர்வையைத் தூக்கி ஏரிமேல் போட்டதுபோல் விழுந்தது. கையை நீட்டினால் என் விரலே எனக்குத் தெரியவில்லை. 4.10க்கு மணியடிக்க ஆரம்பித்தேன்.

டங்... டங்... டங்.

4.31க்கு விசில் கேட்டது. தூரத்தில், நேர் எதிரே. 'அப்பாடா' என்று இருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் வந்துவிடுவான். அடுப்பில் தண்ணீர் வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். வைக்கவில்லை. மணியை விட்டு நகரக் கூடாது.

4.40. எதிரொலி கொஞ்சம் உரக்கக் கேட்பதுபோல் இருந்தது. ஈரக் காற்றில் சத்தம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

4.46. நாலு நொடியில் வர வேண்டிய எதிரொலி வரவில்லை. ஐந்து... ஆறு... ஏழு. ஏழாவது நொடியில் வந்தது.

பாறை நகருமா?

4.52. நான் மூன்று அடித்தேன். திரும்பி வந்தது நாலு.

என் காதில்தான் கோளாறு என்று தலையை உதறிக்கொண்டேன். ஆனால் எனக்கு எண்ணத் தெரியும். பதினொரு வருடமாக எண்ணுவதைத் தவிர வேறென்ன செய்தேன்?

4.57. மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. கை கயிற்றில் இருந்தது. இன்னும் இழுக்கவில்லை.

டங்... டங்... டங்.

பாறைப் பக்கம்.

நான் அடிப்பதற்கு முன்னால்.

கயிறு கையில் அப்படியே இருக்கிறது. என் மணி ஆடவே இல்லை.

அதற்கு ஒரு பதில் வந்தது.

நீளமாக ஒரு விசில். என் தம்பியின் விசில்.

அவன் அதற்குப் பதில் சொல்கிறான்.

அறுபதும் வேண்டாம், எழுபதும் வேண்டாம் என்று மணியை இழுத்து இழுத்து அடித்தேன். அதுவும் அடித்தது. நான் வேகமாக அடித்தால் அதுவும் வேகமாக. நான் நிதானித்தால் அதுவும் நிதானமாக. தண்ணீரில் இருப்பவனுக்கு எது நான், எது அது என்று எப்படித் தெரியும்?

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எதிரொலியாக இருந்தால் நான் நிறுத்தினால் அதுவும் நின்றுவிட வேண்டும், இல்லையா? ஒரே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்போம் என்று நினைத்தேன். சட்டத்தை மீறினேன். 5.03க்குக் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன்.

அது நிற்கவில்லை.

டங்... டங்... டங்.

பிறகு மௌனம். பிறகு மறுபடி மூன்று. அவசரமே இல்லை. என்னைவிட ஒழுங்காக அடித்தது.

விசில் வந்தது.

இடது பக்கத்திலிருந்து.

5.04. பழையபடி எண்ணி எண்ணி அடிக்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு வழுக்கியது. விசில் இல்லை. 5.10. விசில் இல்லை. 5.17. மூடுபனிக்குள் வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தது. அந்த மணி மட்டும் நிதானமாக...

டங்... டங்...

மூன்றாவது வரவில்லை.

நடுவில் யாரோ கையைப் பிடித்து நிறுத்தியதுபோல்.

மணி 5.20.

அதற்குப் பிறகு என் மணி மட்டும்தான். மூன்று அடி. அறுபது. மூன்று அடி. நாலு நொடியில் மெலிதாக எதிரொலி, எப்போதும்போல.

5.41க்குத் துடுப்புச் சத்தம் கேட்டது. முதலில் படகின் மூக்கு தெரிந்தது. பிறகு தம்பியின் முதுகு. கயிற்றை வீசினான். பன்னிரண்டு அடி நீளக் கயிறு அது. என் கைக்கு வந்தது ஒரு முழம். நுனி கத்தியால் அறுபட்டிருந்தது. பறவைக்காரர் படகின் அடியில் குப்புறப் படுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்னடா ஆச்சு?"

"உள்ளே போலாம்."

"கயிறு எங்கேடா?"

"உள்ளே போலாம்க்கா."

அவ்வளவுதான் பேசினான். பறவைக்காரர் ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் நீட்டிய டீயை வாங்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். போகும்போது தம்பியிடம் மட்டும் "வரேன்பா" என்றார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

தம்பிக்கு நாலு நாள் காய்ச்சல். எழுந்தபின் கேட்டுப் பார்த்தேன். "வழி தவறிட்டேன், விடு" என்றான். நானும் விட்டுவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவனிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஏரி உறைந்தது. சறுக்கு விளையாட ஆட்கள் வருமுன் பனிக்கட்டியின் கனத்தை அளந்து கொடி நட வேண்டும். இருவரும் போனோம். மதியம், நல்ல வெளிச்சம். பாறைக்கு நூறு கெஜம் இருக்கும்போது தம்பி சட்டென்று கொடிக்கட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இதுக்கு மேல நான் வரலக்கா."

"ஏன், கனம் பத்தாதா?"

"கனமெல்லாம் இருக்கு. அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டேன்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாறையைப் பார்க்காமல் பேசினான்.

"ரெண்டு மணி கேட்டுச்சு. எதுன்னு குழம்பிட்டிருந்தேன். அப்புறம் ஒண்ணு நின்னுபோச்சு. நின்னதுதான் எதிரொலின்னு நினைச்சு, மிச்சமிருந்த பக்கம் திரும்பினேன்."

நின்றது என் மணி.

"துறைக்கு வந்துட்டேன்க்கா. நம்ம துறைதான். விளக்கு, பலகை, மணிக்கம்பம், எல்லாம் இருந்துச்சு. நீ நின்னுட்டிருந்தே. நான் கயிறு வீசினேன். நீ பிடிச்சே."

"நானா?"

"நீதான். அதே கம்பளிச் சட்டை. ஒரு கையில கயிறு, ஒரு கையில மணி. பறவைக்காரர் ஒரு காலைப் பலகையில வெச்சுட்டாரு. 'என்னப்பா, பலகை வெதுவெதுன்னு இருக்கு'ன்னாரு. அப்பத்தான் பின்னாடியிலேருந்து நீ கூப்பிட்டது கேட்டுச்சு."

"என்னன்னு?"

சிரித்தான். அத்தனை பயத்திலும் வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தான்.

"சுண்டுன்னு."

எட்டாம் மாதத்தில், உள்ளங்கை அளவுக்குப் பிறந்தவன் அவன். அம்மா வைத்த பெயர் அது. இப்போது ஆறடி. பன்னிரண்டு வயதில், "இனிமே அப்படிக் கூப்பிட்டா வீட்டை விட்டு ஓடிருவேன்" என்று எங்கள் இருவரிடமும் சண்டை போட்டான். அதோடு அந்தப் பெயர் போயிற்று. பிறகு அம்மாவும் போய்விட்டாள்.

"அது உனக்குத்தானேக்கா தெரியும்? அதான் பின்னாடி கேட்டது நீதான்னு புரிஞ்சுது. அவரை உள்ளே இழுத்துப் போட்டேன். எதிர்ல நின்னவ மணி அடிக்கறதை நிறுத்திட்டா. 'போகாதே, அது நான் இல்ல'ன்னா. உன் குரல்தான். கயிறை விடவே இல்ல. அறுத்துட்டு வந்தேன். திரும்பற வழியெல்லாம் நீ கூப்பிட்டுட்டே இருந்தே. மணிக்குப் பக்கத்துலேயே கேட்டுச்சு. அதைப் பிடிச்சுத்தான் வந்து சேர்ந்தேன்."

நான் அன்று வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் அறுபது எண்ணிக்கொண்டிருந்தேன். கத்தினால் எண்ணிக்கை தவறிவிடும்.

துறையில் நான் தனியாகத்தான் நின்றேன்.

"நீ கூப்பிடலேன்னா அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் கீழே கல்லுலதான்க்கா" என்றான். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னே கூப்பிடாம?" என்றேன்.

வேறென்ன சொல்வது? நாளைக்கும் இதே தண்ணீரில் படகு விடப் போகிறவன். அவன் நம்பிக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான்.

இந்த வருடம் பனிக்கட்டி உடைந்து பறவைகள் வந்தன. பறவைக்காரர் வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், கூடாரக்காரர்களை எதிர்க்கரையில் இறக்கிவிட்டுத் தம்பி தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். 5.12க்கு மூடுபனி இறங்கியது.

மணியைப் பிடித்தேன். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். என்ன ஆனாலும் ஒரு சத்தம் வெளியே வரக் கூடாது. மூன்று அடி. அறுபது. மூன்று அடி. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் மணி. நாலு நொடியில் எதிரொலி. வேறு ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

5.49க்குப் படகு வந்தது. கயிறு முழுசாக என் கைக்கு வந்தது. தம்பி நன்றாகச் சிரித்துக்கொண்டே ஏறினான்.

"ஏன்க்கா மானத்தை வாங்கறே? எதிர்க்கரை வரைக்கும் கேக்குது. கூடாரத்துப் பசங்க எல்லாம் சுண்டு, சுண்டுன்னு ஒரே சிரிப்பு."

சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் நின்றான்.

"என்னக்கா, வாயெல்லாம் ரத்தம்?"