சுகமோ என்று கேட்டால்

சிறையில் கிழவர்களையும் கைகால் வழங்காதவர்களையும் ஒரு தனிக் கட்டடத்தில் போட்டிருந்தார்கள். வாகன விபத்து ஒன்றுக்காக ஆறு மாதம் உள்ளே இருந்த எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால், அவர்களைப் பார்க்கிற வேலையும் மொழிபெயர்க்கிற வேலையும் என் தலையில் விழுந்தன. மூத்திர நாற்றம் சோற்றுக்கோப்பை வரைக்கும் வரும். முதல் கிழமை எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன்.

அவர்களில் ஒருவர் வட்டுக்கோட்டைக் கிழவர். வேலிச் சண்டையில் தமையனை வெட்டியவர். சலரோகம் என்கிற நீரிழிவால் ஒரு கால் முழங்காலோடு போய், கண்ணும் மங்கி, நெஞ்சு வருத்தமும் சேர்ந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டும்; விடியும்வரை சுவரில் சாய்ந்திருப்பார். மகள் வீட்டில் கிடந்து சாகவேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நோய் முற்றியவர்களை விடுவிக்கச் சிபாரிசு செய்ய வெளியிலிருந்து டொக்டர்மார் வருகிறார்கள் என்றதும் அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன்.

“அப்பு, வருத்தம் முழுக்கச் சொல்லுங்கோ. ஒண்டும் மறைக்கக் கூடாது.”

“ஓம் தம்பி, ஓம்.”

வந்த பெரிய டொக்டர் நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லில் ஒன்றை எடுத்து, “சுகமா?” என்றார்.

எங்கள் ஊரில் சாகக் கிடப்பவன்கூட அதற்கு ஒரே பதில்தான் சொல்வான். கிழவர் இடுப்புச் சாரத்தை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“நல்ல சுகம் ஐயா. நீங்கள் சுகமாய் இருக்கிறியளோ?”

டொக்டர் சிரித்தார். நித்திரை வருகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். “குறையில்லை ஐயா.” மூச்சு? “உங்கடை புண்ணியத்திலை பரவாயில்லை.” சுகம் விசாரிக்கும் மனிதரிடம் போய்ப் புலம்பலைக் கொட்டுவதா என்ற பாழாய்ப்போன மரியாதை! சொன்னதைச் சொன்னபடி சிங்களத்தில் ஒப்புவித்தேன். அத்தனையும் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கைதி சொந்தக் கதை சேர்க்கக் கூடாது என்று காவலர் எச்சரித்திருந்தார். என் விடுதலைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. டொக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சிபாரிசு இல்லை என்ற கடிதம் நான் வெளியேறுவதற்கு முதல்நாள் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். கிழவர் என் பக்கம் திரும்பினார்.

“நான் வந்த மனிசரோடை மரியாதைக்குக் கதைச்சன் தம்பி. உமக்கு எல்லாம் தெரியுந்தானே. நீர் ஏன் பேசாமல் இருந்தனீர்?”

பயம் என்று சொல்லவும் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு, அவர் கட்டில் பக்கம் போகாமலே வெளியே வந்தேன். அந்த மாரியிலேயே அவரைப் பெட்டியில் வைத்து மகள் வீட்டுக்கு அனுப்பினார்களாம்.