கொக்கியில் தொங்க மறுத்த பிள்ளைகள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. மாரமங்கலம் பால்வாடியில் ஆயாவாக இருந்து சோறூட்டி, மூக்கைத் துடைத்துவிட்டவர்களையும் சேர்த்தால் ஊரில் பாதிப் பேர் என் பிள்ளைகள்தான். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். அவசரம் ஒன்றும் இல்லை.

என் கடைசி மகள் ஐந்தாவது படித்த வருடம், அப்போதுதான் படிப்பை முடித்த ஒரு டாக்டரம்மா எங்கள் மலைக்கு வந்தார். மலைப் பிள்ளைகள் வயதுக்கேற்ற எடை இருக்கிறார்களா என்று பார்த்து எழுதும் ஆராய்ச்சி. அதைச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரம்மா இருந்ததோ வெளிநாட்டில். கடிதத்திலேயே பாடம் நடக்கும். ஒரு தடவை அவரே நேரில் பார்க்க ஐந்து நாள் வந்தார். வேலை அவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் டாக்டரம்மா ஆராய்ச்சியைத் தொடரலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் நாள் பால்வாடி நிறையத் தாய்மார். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளையைத் துணித்தூளியில் போட்டுக் கொக்கியில் மாட்டினோம். மாட்டியது நான்தான், நல்ல பெருமையோடு. டாக்டரம்மா எடையை உரக்கச் சொல்ல, வாத்தியாரம்மா எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஒருத்திகூட வரவில்லை. என்னவென்று கேட்கப் போனேன். முதல் வீட்டுக்காரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க ஆயா, எம் புள்ள என்ன மொளகு மூட்டைங்களா? யாவாரி மாதிரி கொக்கியில மாட்டி, இத்தன கிலோன்னு ஊரே கேக்கக் கத்துறீங்க. கண்ணு படாதுங்களா? நேத்துல இருந்து நொம்ப அழுவுதுங்க."

வந்து சொன்னதும் டாக்டரம்மா முகம் வெளுத்துப்போயிற்று. வாத்தியாரம்மாவைப் பார்த்தார். அவரோ காப்பியை ஊதிக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"என்னங்க சொல்றாங்க?"

"இப்ப என்ன செய்யப் போறே, யாரைக் கேக்கப் போறேன்னு கேக்கறாங்க, ஆயா."

"இதக் கேக்கவா கடல் தாண்டி வந்தாங்க? நானே கேட்டிருப்பேனுங்களே."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உங்களையே கேக்கறேன். என்ன செய்யலாம்?"

"புள்ள அம்மா இடுப்புலயே இருக்கட்டுங்க. ரெண்டு பேரும் சேந்து ஏறட்டும். அப்பறம் அம்மா மட்டும். நீங்க கழிச்சுக்குங்க. எடைய மட்டும் வாய் விட்டுச் சொல்லீராதீங்க."

தாய்மாரை நிறுக்கவென்று ஏறி நிற்கும் தராசு ஒன்றும் டாக்டரம்மாவிடம் இருந்தது. ஆனால் வாத்தியாரம்மா அடுத்த கேள்வியைப் போட்டார்: அப்படிக் கழித்து வரும் எடை சரிதான் என்று எப்படித் தெரியும்? பதிலை டாக்டரம்மாவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். டாக்டரம்மா என்னிடம் ஒரு பலாக்காய் கிடைக்குமா என்றார். அதைக் கொக்கியில் மாட்டி நிறுத்தார். பிறகு நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன், இறக்கிவைத்துவிட்டு ஏறினேன். பத்துத் தடவை. முழங்கால் என்னைத் திட்டியது. கொக்கி காட்டிய எடைக்கும் கழித்து வந்த எடைக்கும் வித்தியாசம் ஒரு ஆரஞ்சுப் பழ எடைகூட இல்லை. வாத்தியாரம்மா அப்போதுதான் தலையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். என்னைத் திட்டினவளே முதலில் வந்து ஏறினாள். டாக்டரம்மா வாயைத் திறக்காமல் எழுதினார். ஐந்தாம் நாள் நோட்டு நிறைந்தது. தொடரலாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாத்தியாரம்மா பஸ் ஏறினார்.

இப்போது அந்த டாக்டரம்மாவிடம் இளைய டாக்டர்கள் படிக்கிறார்கள். இரண்டு பேர் வேறு நாட்டுக்காரர்களாம். அவர்களுக்குப் படித்துக் காட்ட, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார். என் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இங்க வா சாமி. மொதல்ல இருந்து ஒருக்கா படி. அந்தப் புள்ளைங்களுக்குப் புரியுமான்னு கேட்டுப் பாக்கோணும்."